சிவப்பும் நீலமும்: ஆஸ்திரேலியாவின் இரு மோட்டார்க் கட்சிகள்

தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் காமன் பண்டிகையை ஒட்டி லாவணி பாடக் கேட்ட நேயர்கள் சிலரேனும் இருப்பீர்கள். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவே இல்லை என்பது எதிர்க் கட்சி. இரவெல்லாம் ஒருவரை ஒருவர் மடக்கிப் பாடுவர், கேலி செய்வர், சில சமயம் வசவும் வரும். பொழுது புலர்ந்ததும் எரிந்த கட்சியாரும் எரியாத கட்சியாரும் ஒரே திண்ணையில் அமர்ந்து காப்பி அருந்துவர். எந்தக் கட்சியை எடுத்துக்கொள்வது என்பது பல குடும்பங்களில் தந்தை வழியாக வருவது. ஏன் அந்தக் கட்சி என்று கேட்டால் விடை கிடைக்காது.

ஆஸ்திரேலியாவில் எழுபது ஆண்டுக் காலம் இத்தகைய லாவணி ஒன்று நடைபெற்றது. அங்கே மன்மதனுக்குப் பதில் மோட்டார் வண்டி. ஹோல்டன் ஒரு கட்சி, ஃபோர்டு மறு கட்சி. முன்னதன் நிறம் சிவப்பு. பின்னதன் நிறம் நீலம்.

சர்க்கார் கோப்புகளில் 'ஆரோக்கியமான போட்டி' என்னும் தொடர் அடிக்கடி வரும். அதை மொழிபெயர்க்குந்தோறும் போட்டிக்கு என்ன நோய் வந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும் இந்த ஆஸ்திரேலியக் கதையைப் படித்த பின், அத்தொடர் முற்றிலும் பொருளற்றது அன்று என்று எண்ணுகிறோம். நம்மவர்க்கும் இது புதிதன்று. மாதுங்காவில் குடியேறிய தமிழர் ஃபியட்டே வண்டி என்பர். கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுப் பக்கத்துத் தமிழரோ அம்பாசடரைத் தவிர வேறொன்றை வண்டியென்றே ஒப்பமாட்டார். விடுமுறையில் இரு வீட்டாரும் ஊரில் சந்தித்தால் அந்த வழக்கு மறுபடியும் எடுக்கப்படும். பம்பாய்க்காரர் ஓட்டியது பம்பாயில் செய்த வண்டி, கல்கத்தாக்காரர் ஓட்டியது கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்த வண்டி என்பதே அதன் உட்பொருள். பிழைக்க வந்த ஊரின் மீது பற்று வைப்பதற்கு அதுவும் ஒரு வழி போலும்.

ஹோல்டனின் கதை மோட்டாரில் தொடங்கவில்லை, குதிரையில் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் ஹோல்டன் என்பவர் 1856-ஆம் ஆண்டில் அடிலெய்டு நகரில் சேணமும் குதிரைச் சாமான்களும் செய்து விற்கும் கடையொன்று வைத்தார். குதிரை போய் மோட்டார் வந்த காலத்தில் அவருடைய வழியினர் வண்டிகளுக்கு மேற்கூடு கட்டித் தரும் தொழிலில் இறங்கினர். இயந்திரமும் சட்டமும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும். மேற்கூடு அடிலெய்டில் அமையும். 1931-இல், பொருளாதார மந்தத்தின் நடுவே, அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இதனை வாங்கித் தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஒரு சிங்கம் கல்லுருண்டையை உருட்டும் சின்னம் ஹோல்டனுக்கு உரியது. சிங்கம் கல்லை உருட்டக் கண்டே மனிதன் சக்கரத்தைக் கண்டறிந்தான் என்ற பழங்கதையை வைத்து, ரேனர் ஹாஃப் என்ற சிற்பி 1928-இல் அமைத்தது அது.

ஃபோர்டு 1925-இல் விக்டோரியா மாநிலத்து ஜீலாங் நகரில் கால் ஊன்றியது. அது நேரே அமெரிக்காவின் கிளை அன்று. கனடா ஃபோர்டின் கிளை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகளுக்குள் சுங்கச் சலுகை இருந்தமையால் கனடா வழியே வருவது ஆதாயமாயிற்று. முதல் வண்டிகள் அங்கே பழைய கம்பளிக் கிடங்கு ஒன்றில் பூட்டப்பெற்றன.

இவ்விரு கம்பெனிகளும் நம் நாட்டிற்கும் வந்தவையே. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கிற்று, ஃபோர்டும் வந்தது. பாகங்களை வரவழைத்துப் பூட்டுவதோடு நிற்பவர்க்கு இங்கே இடமில்லை, உள்நாட்டிலேயே செய்ய முன்வருவோர் மட்டும் இருக்கலாம் என்று 1953-இல் நம் அரசாங்கம் முடிவு செய்தது. இருவரும் கடையைக் கட்டினர். ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ அதே விதமான வற்புறுத்தலுக்கு இருவரும் இணங்கினர். அதன் பயன்தான் நாம் சொல்ல வந்த கதை.

நடுவே ஒரு சிறு செய்தி. கிப்ஸ்லாந்துப் பகுதியைச் சேர்ந்த ஒரு குடியானவரின் மனைவி, ஞாயிறன்று கோயிலுக்குப் போகவும், திங்களன்று பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி ஏன் செய்யக்கூடாது என்று ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார் என்பது வழிவழி வரும் வரலாறு. லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் 1934-இல் அப்படி ஒன்றைச் செய்தார். முன்புறம் கார், பின்புறம் திறந்த தொட்டி. 'யூட்' என்று அந்நாட்டார் அன்போடு அழைக்கும் வண்டி இவ்வாறு பிறந்தது. ஹோல்டன் கட்சியார்கூட இதை மறுப்பதில்லை; தங்கள் யூட்டே மேல் என்று மட்டும் சொல்வர்.

போர் முடிந்தது. 1948 நவம்பர் 29 அன்று மெல்போர்னை அடுத்த ஃபிஷர்மன்ஸ் பெண்ட் தொழிற்சாலையில் பிரதம மந்திரி பென் சிஃப்லி முதல் ஹோல்டன் காரை நாட்டுக்கு அறிமுகம் செய்தார். விலை வரியுட்பட 733 பவுன். ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார் என்று நாடே கொண்டாடியது. அதன் வடிவம் அமெரிக்காவில் செவ்ரலே வண்டிக்கென வரையப்பட்டு அங்கே தள்ளப்பட்ட ஒன்று என்பதை எவரும் பெரிதுபடுத்தவில்லை. மேடு பள்ளமான மண் சாலைக்கு ஏற்ற உரம், சிக்கனம், பழுது பார்க்க எளிமை. மக்களுக்கு அது போதும். ஐம்பதுகளின் இறுதியில் விற்ற கார்களில் பத்துக்கு நான்குக்கு மேல் ஹோல்டனாயிருந்தது. 1962-இல் பத்து லட்சமாவது ஹோல்டன் வெளிவந்தது.

ஃபோர்டு விழித்துக்கொண்டது தாமதமாகத்தான். மெல்போர்னின் வடபுறத்தில் பிராட்மெடோஸ் என்னுமிடத்தில் பெரிய தொழிற்சாலை அமைத்து, 1960-இல் ஃபால்கன் என்ற காரைக் கொணர்ந்தது. அமெரிக்கச் சாலைக்குச் செய்த முன்சக்கரத் தாங்கிகள் ஆஸ்திரேலியச் சாலையில் தளர்ந்து போயின. ஹோல்டன் கட்சியாருக்குக் கேட்க வேண்டுமா! அந்த அவப்பெயரைத் துடைக்க 1965-இல் ஃபோர்டு ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஜீலாங்கை அடுத்த தன் சோதனைப் பாதையில், பத்திரிகைக்காரர் பார்த்திருக்க, ஒரு சில ஃபால்கன்களை இரவு பகலாக 70,000 மைல் ஓட்டிக் காட்டியது. வண்டிகள் சில கவிழ்ந்தன; நிமிர்த்தி மீண்டும் ஓட்டினர். பெயர் மீண்டது.

இனிக் கட்சிகள் மோதும் களத்துக்கு வருவோம். சிட்னிக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் பாத்தர்ஸ்ட் என்னும் ஊர். அதன் ஓரத்து மலைக்கு ஆதிக்குடியினர் இட்ட பெயர் வாலூ; வெள்ளையர் வைத்த பெயர் பனோரமா. மலைமேல் ஏறி இறங்கும் 6.2 கிலோமீட்டர்ச் சாலை மற்ற நாட்களில் பொதுச் சாலைதான். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போனால் போலீசார் அபராதம் விதிப்பர். பந்தய நாளில் அதே சாலையில் அதைப்போல் நாலைந்து மடங்கு வேகம்! 1960-இல் பிலிப் தீவில் தொடங்கிய 500 மைல் பந்தயம், அங்கே பாதை பெயர்ந்து போனமையால், 1963 முதல் இம்மலைக்கு மாறியது. கடையில் எவரும் வாங்கக்கூடிய வண்டிதான் ஓட வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே வெற்றி பெற விரும்பும் கம்பெனி வேகமான வண்டியைச் செய்து பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும். ஞாயிறன்று மலையில் வென்ற வண்டியைத் திங்களன்று கடையில் பார்க்கலாம். கட்சி அபிமானம் கொழுந்துவிட்டதற்கு இந்த விதியே முதற்காரணம் என்பது நம் எண்ணம்.

1967-இல் ஃபோர்டு ஃபால்கன் வென்றது. அடுத்த இரண்டாண்டுகளும் ஹோல்டன் மொனாரோ வென்றது. 1970-இலும் 1971-இலும் மீண்டும் ஃபால்கன். ஓட்டியவர் கனடாவில் பிறந்த ஆலன் மொஃபட். 1972-இல் மழையில் நனைந்த பாதையில், சிறிய ஹோல்டன் டொரானா ஒன்றில் தன்னந்தனியே ஓட்டி மொஃபட்டை முந்தினார் பீட்டர் பிராக் என்னும் இளைஞர். கட்சிகளுக்கு நாயகர்கள் கிடைத்துவிட்டனர். இதற்கிடையே, இத்தகைய அசுர வேக வண்டிகளைத் தெருவில் இளைஞர் கையில் கொடுக்கலாமா என்று 1972-இல் பத்திரிகைகளில் கூக்குரல் எழுந்தது. அமைச்சர்களும் கண்டித்தனர். கம்பெனிகள் தயாராகிக்கொண்டிருந்த புதிய வண்டிகளைக் கைவிட்டன. கூக்குரலிட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

1977-இல் மொஃபட்டின் ஃபோர்டும் அவர் தோழரின் ஃபோர்டும் பக்கம் பக்கமாக வந்து முதலிரண்டு இடங்களைக் கொண்டன. 1979-இல் பிராக் ஆறு சுற்று முன்னிலையில் இருந்தும், வேகத்தைக் குறைக்காமல் கடைசிச் சுற்றில் புதிய வேகச் சாதனையும் படைத்தார். எதிர்க் கட்சியாரின் புண்ணில் வேலைப் பாய்ச்சியது போலாயிற்று.

1980-இல் நடந்தது வேறு வகை. டிக் ஜான்சன் என்ற பிரிஸ்பேன்காரர், பெரிய கம்பெனி ஆதரவின்றித் தம் கைப்பொருளைப் போட்டு ஒரு ஃபால்கனை உருவாக்கி, பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். பாதையில் கிடந்த பாறாங்கல் ஒன்றில் மோதி வண்டி நொறுங்கிற்று. தொலைக்காட்சியில் அவர் கண்கலங்கி நின்றதை நாடே பார்த்தது. முன்பின் அறியாத மக்கள் பணம் அனுப்பத் தொடங்கினர். ஃபோர்டு குடும்பத்து எட்சல் ஃபோர்டு, மக்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் கம்பெனி ஒரு டாலர் தரும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு, 1981-இல், ஜான்சனே வென்றார்.

நாயகர்கள் கட்சி மாறினால் தொண்டர்கள் என்ன செய்வர்? பிராக், காந்தமும் படிகமும் அடங்கிய ஒரு சிறு பெட்டியை வண்டியில் வைத்தால் அது நன்றாக ஓடும் என்று நம்பி விற்கத் தலைப்பட்டார். பொறியியல் அறிந்தவர் எவரும் அதை ஒப்பவில்லை. 1987-இல் ஹோல்டன் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. 1989-இல் அவர் ஃபோர்டு வண்டியிலேயே பந்தயத்துக்கு வந்தார்! இதற்கு முன்பே, 1986-இல், பிராக்கும் மொஃபட்டும் ஒரே ஹோல்டனை மாறி மாறி ஓட்டியிருந்தனர். இருபதாண்டுகளாக இருவர் பெயரால் சண்டையிட்டவர்கள் திகைத்துப் போயினர். ஆனால் 2006 செப்டம்பரில், ஒன்பது முறை பாத்தர்ஸ்டில் வென்ற பிராக் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பந்தயத்தில் உயிர் துறந்தபோது அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. அன்று சிவப்பு நீலம் பார்த்தவர் இல்லை.

இரு கட்சியாரும் ஒன்றுபட்ட சமயம் மற்றொன்றும் உண்டு. அது அவ்வளவு பெருமைக்குரியதன்று. 1992-இல் ஜப்பானிய நிஸ்ஸான் வண்டிக்கு வெற்றி கிடைத்தது. புயல் மழையில் அவ்வண்டி மோதி நின்றபின், பந்தயம் நிறுத்தப்பட்டு, முந்தைய சுற்றின் கணக்கில் அளிக்கப்பட்ட வெற்றி அது. கூட்டம் மேடையை நோக்கிக் கூச்சலிட்டது. வென்ற ஜிம் ரிச்சர்ட்ஸும் கூட்டத்தைத் திட்டித் தீர்த்தார். முன்னர் அவரே பிராக்குடன் ஹோல்டனில் வென்றவர். அடுத்த ஆண்டு முதல் பந்தயம் ஹோல்டன், ஃபோர்டு ஆகிய இரு வண்டிகளை மையமாகக் கொண்டே அமைக்கப்பட்டது. சண்டைக்கும் பழகிய முகம் வேண்டியிருக்கிறது.

மலையில் கொடியசைத்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வண்டியைச் செய்தவர்கள் யார்? பெரும்பாலோர் குடியேறிகள். இத்தாலி, கிரீஸ், யுகோஸ்லாவியா, துருக்கி முதலிய நாடுகளிலிருந்து போருக்குப் பின் வந்தவர்கள் பிராட்மெடோஸில் வரிசையில் நின்று வண்டி பூட்டினர். வரிசையின் வேகம் தாங்காமல் 1973-இல் அவர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். தொழிற்சாலைக் கண்ணாடிகள் உடைபட்டன. மொழி தெரியாத ஊருக்கு வந்து, கூலி வேலையில் புகுந்து, பின்னர் அங்கே செய்த வண்டியைத் தானே வாங்கி வீட்டு வாயிலில் நிறுத்தியவனுக்கு அந்த நீலநிற முத்திரை என்னவாக இருந்திருக்கும் என்பதை, சொந்த ஊரை விட்டு வந்திருக்கும் நாம் ஊகிக்க முடியும். 'எங்கள் வண்டி' என்று சொல்லும்போது 'எங்கள்' என்னும் சொல்லை அவன் முதன்முறையாகச் சொல்லியிருக்கக் கூடும்.

அந்தச் சொல்லுக்கு மறுபுறத்து முதலாளிகள் கொடுத்த மதிப்பு வேறு. இரண்டும் டெட்ராய்ட் கணக்குப் புத்தகத்தின் இரு வரிகளே. காற்பந்தோடும் கங்காருவோடும் ஹோல்டனைச் சேர்த்துப் பாடிய எழுபதுகளின் விளம்பரப் பாட்டுங்கூட, அமெரிக்கச் செவ்ரலே பாட்டை மாற்றி அமைத்ததுதான். 1984-இல் தொழில் அமைச்சர் ஜான் பட்டன் வகுத்த திட்டத்தை ஒட்டி இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2010-இல் 5 சதவீதமாயிற்று. ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு ஏறியதால் ஏற்றுமதி கட்டவில்லை. வாங்குவோரின் விருப்பமும் பெரிய கார்களை விட்டு அகன்றது. 2013 மே மாதம் ஃபோர்டும், அதே ஆண்டு டிசம்பரில் ஹோல்டனும் தொழிற்சாலைகளை மூடப் போவதாக அறிவித்தன. பின்னர் ஆஸ்திரேலியாவில் விற்ற ஃபோர்டு வண்டிகளுள் எக்கோஸ்போர்ட் என்பது நம் செங்கற்பட்டை அடுத்த மறைமலை நகரிலிருந்து கப்பலேறியது. அந்தத் தொழிற்சாலையும் 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. பிராட்மெடோஸ் தொழிலாளியும் மறைமலை நகர்த் தொழிலாளியும் சந்தித்தால் பேசிக்கொள்ள நிறைய இருக்கும்.

ஹோல்டன் என்ற பெயரையே கைவிடுவதாக 2020 பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. ஆயினும் பந்தய வண்டிகள் மேலும் சில ஆண்டு ஓடின. 2022 அக்டோபரில் ஹோல்டன் கலந்துகொண்ட கடைசிப் பாத்தர்ஸ்ட் பந்தயத்தில் வென்றதும் ஹோல்டனே. அடுத்த ஆண்டு முதல் அமெரிக்கச் செவ்ரலே கமாரோவும் ஃபோர்டு மஸ்டாங்கும் அம்மலையில் ஓடலாயின.

பிராட்மெடோஸில் 2016 அக்டோபர் 7 அன்று கடைசி ஃபால்கன் வரிசையை விட்டு இறங்கியது. அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத் நகரில் 2017 அக்டோபர் 20 அன்று கடைசி ஹோல்டன் கமடோர் இறங்கியது. முன்னதற்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள், பின்னதற்குச் சிவப்பு.