வோல்க்கரின் பாதி விடை: பயிர்க்கழிவு, எரிபொருள், மண்ணின் சத்து

இந்திய மண்ணின் சத்து அடுப்பில் எரிந்துபோவதைப் பற்றிய வாதம் பெரும்பாலும் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1893இல் அளித்த அறிக்கையின் தடத்திலேயே நடந்துவந்திருக்கிறது. இங்கிலாந்தின் அரச வேளாண் கழகத்தில் வேதியியல் ஆலோசகராக இருந்த அவர், 1889 இறுதியில் இந்தியா வந்து மாகாணங்களைச் சுற்றிப் பார்த்தார். உழவர் சாணத்தை எரிப்பது அறியாமையால் அன்று, விறகுப் பஞ்சத்தால் என்பது அவர் முடிவு. ஆகவே விறகும் தீவனமும் தரும் காப்புக்காடுகளை வளர்க்கப் பரிந்துரைத்தார். அடுப்புச் சாம்பல் வயலுக்குத் திரும்பினாலும் தழைச்சத்து திரும்புவதில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

உழவர்மீது பழி போடாத அந்த முடிவின் மதிப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் வேறு எரிபொருள் கிடைத்தால் மிஞ்சும் பொருள் தானாகவே மண்ணுக்குப் போய்விடும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. அதற்குச் சான்று போதாது. அரியானா வீடுகளில் பாலைச் சுண்டக் காய்ச்சும் ‘ஹாரா’ அடுப்புக்கு, நின்று எரியும் வறட்டியே ஏற்றது. விறகு கிடைத்தாலும் அந்தத் தேவை நீங்காது. பஞ்சாபின் நெல்தாள் இன்னும் வலுவான மறுப்பு. அடுப்புக்கு அது வேண்டியதில்லை, மாடும் அதை விரும்புவதில்லை; ஆனாலும் அதில் பெரும்பகுதி வயலிலேயே தீக்கிரையானது. நெற்பரப்பும் அறுவடை இயந்திரமும் சேர்ந்து பெருகியதால் தாளை வயலில் எரிக்கும் வழக்கம் எந்த ஆண்டில் தொடங்கியது என்று வரையறுக்க இயலாது. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நடவைத் தள்ளிவைத்தது. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையிலான நாட்கள் மேலும் சுருங்கின. அங்கே பற்றாக்குறை எரிபொருளில் இல்லை. தாளை மட்கவைக்கும் காலத்திலும் உழைப்பிலும்தான்.

இந்த இடைவெளியை நிரப்பும் ஒரு குறிப்பு, வேளாண் ஆய்வாளர்களான ஆல்பர்ட் ஹோவார்டும் யஷ்வந்த் வாடும் 1931இல் வெளியிட்ட இந்தூர் மட்கு உர நூலில் இருக்கிறது. பருத்திமாரும் துவரைமாரும் எளிதில் மட்காதவை, நல்ல எரிபொருளும்கூட. இந்தூர்ப் பண்ணையில் அவற்றைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரங்கள் ஏறி நொறுக்கும்படி விட்டார்கள். நொறுங்கியவை தொழுவத்துக்குப் படுக்கையாகி, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், விறகுச் சாம்பல் ஆகியவற்றோடு குழியில் சேர்ந்து, மூன்று மாதத்தில் உரமாயின. மாரை மண்ணுக்குத் திருப்பியது மாற்று எரிபொருள் அன்று, செய்முறை. இது ஆராய்ச்சிப் பண்ணையின் சான்று என்பதால் அப்பகுதிச் சிறு உழவரிடம் இதே அளவில் நடந்ததாகக் கொள்ள முடியாது. ஆயினும் வோல்க்கரின் வாதத்தில் விடுபட்ட படி எது என்பதை இது காட்டிவிடுகிறது.

நெல்தாள் எரிபொருள் ஆலைக்குப் போகும்போது மண்சத்தின் கணக்கு வேறு வடிவம் கொள்கிறது. ஒரு டன் நெல்தாளில் ஏறத்தாழ 5.5 கிலோ தழைச்சத்தும், 2.3 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல்சத்தும் உண்டு. வயலில் எரித்தால் கரிமம் ஏறத்தாழ முழுவதும், தழைச்சத்தில் பெரும்பங்கும் போய்விடும். சாம்பல்சத்திலோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இழப்பாகும். வாரி எடுத்துச் சென்றால் அதுவும் முழுமையாக வயலைவிட்டுப் போகும். காற்றுக்கு நன்மை செய்யும் வழியே சாம்பல்சத்துக்குக் கூடுதல் இழப்பாகிறது.

2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பானிபட் எத்தனால் ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் தாளைக் கொள்ளத் திட்டமிடப்பட்டது. மேற்கண்ட விகிதப்படி அதில் ஏறத்தாழ 5,000 டன் சாம்பல்சத்து அடங்கும். அது எத்தனாலோடு போவதில்லை. ஆலைக் கசடிலும் கொதிகலன் சாம்பலிலும் தங்குகிறது. சாம்பல்சத்து தரும் பொட்டாஷுக்கு இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில் இது சிறு பொருள் அன்று. சாண எரிவாயு முறையில் தாளை நொதிக்கவிட்டால், தழைச்சத்து உட்படப் பெரும்பாலான சத்துகள் கசடில் மிஞ்சும். கரிமத்தின் ஒரு பகுதியும் நிற்கும். அக்கசட்டு உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகையை 2023இல் ஒன்றிய அரசு அறிவித்தது.

ஆகவே பயிர்க்கழிவிலிருந்து ஆற்றல் எடுப்பது மண்ணைக் கெடுக்குமா என்பதற்குப் பொதுவான ஒரு விடை இல்லை. மண்ணின் வகை, வயலில் விடப்படும் தாளின் அளவு, கசடு திரும்பும் தொலைவு ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். எரிபொருளுக்கு மாற்றுத் தேடிய வோல்க்கரின் தீர்வோடு, எஞ்சும் கசடும் சாம்பலும் எந்த வயலுக்கு, யார் செலவில் திரும்பும் என்ற ஏற்பாடும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும்.