வெசாக் இரவில் ஒலிக்கும் சேலத்துக் குரல்

சிங்களப் பௌத்தர்களின் வெசாக் பண்டிகையை மொஹிதீன் பேக்கின் குரல் இல்லாமல் கற்பனை செய்வது கடினம். தோரணங்கள் ஒளிரும் சந்தியிலும் தன்சல் பந்தலிலும் ஒலிபெருக்கியின் வழியே வருவது பெரும்பாலும் அவர் பாடிய பக்திகீதமாகவே இருக்கும். அந்தக் குரலுக்குரியவர் தமிழ்நாட்டின் சேலத்தில் 1919இல் பிறந்த முஸ்லிம். சிங்களம் அவருடைய தாய்மொழி அன்று. ஹஜ் கடமையை நிறைவேற்றி ‘அல்ஹாஜ்’ என்ற அடைமொழியோடு வாழ்ந்து, 1991 நவம்பரில் மறைந்தார்.

பேக்கைப் பற்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. அவரை நாம் ‘சிங்களப் பாடகர்’ என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். அக்குறணையில் வாழும் நண்பர்களோடு பேசும்போதெல்லாம் இந்தக் குறை எனக்கு உறுத்தலாகவே இருந்துவந்தது.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ஏ9 வீதியில், பிங்கா ஓயாவை ஒட்டி அமைந்த வணிக நகரம் அக்குறணை. கண்டி மன்னர் காலத்தில் இங்கு வந்து சிங்களப் பெண்களை மணந்த அரபு வணிகர் மூவரின் வழித்தோன்றல்களே தாங்கள் என்பது இவ்வூர் முஸ்லிம்களின் மரபுக்கதை. அவர்கள் வீட்டில் தமிழும் கடையில் சிங்களமும் பேசுபவர்கள். வெசாக் காலத்தில் பேக்கின் பாடல் வீதியில் கேட்கும்போது, “நம்ம ஆள் பாடுறார்” என்று பெரியவர்கள் ஒருவகைப் பெருமையோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இசை மார்க்கத்தில் ஆகுமானதா என்று வாதிடும் ஊரில், புத்தரைப் போற்றிய முஸ்லிம் பாடகருக்கு இப்படியோர் இடம் இருந்தது வியப்பானது.

1930களின் தொடக்கத்தில், சிறுவயதிலேயே பேக் இலங்கைக்கு வந்தார். கொழும்பு இசையுலகம் அப்போது வடஇந்திய இசையில் ஊறிக் கிடந்தது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1877இல் பார்சி நாடகக் குழுவொன்று கொழும்புக்கு வந்தது. அதன் பாதிப்பில் ‘நூர்த்தி’ என்னும் சிங்கள இசை நாடகம் பிறந்தது. ஜோன் த சில்வா தம் நாடகங்களுக்கு மெட்டமைக்க இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லவ்ஜியை வரவழைத்தார். 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் இந்த நாடகங்களின் கோட்டையாயிற்று. சிங்கள உணர்வை எழுப்பிய அந்நாடகங்களின் இராகங்கள் இந்துஸ்தானி இராகங்கள், மெட்டமைத்தவர் இந்தியர். எது சுதேசி, எது அந்நியம் என்ற கோடு தொடக்கத்திலேயே அழிந்துபோயிருந்தது.

பேக்கைக் கண்டெடுத்தவர் முகம்மது கௌஸ். ‘கௌஸ் மாஸ்டர்’ என்று இசையுலகம் மரியாதையோடு அழைத்த இசையமைப்பாளர். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பேக்கைப் பாடவைத்தார். முதல் இசைத்தட்டு ஒரு வெசாக் பாடல். உடன் பாடியவர் கே. கே. ராஜலட்சுமி. ஒரு முஸ்லிம் மெட்டமைக்க, ஒரு முஸ்லிமும் ஒரு தமிழ்ப் பெண்மணியும் பாடிய பௌத்தப் பாடல் அது. அக்காலத்தில் யாரும் இதை ஒரு புதுமையாகக் கொண்டாடியதாகத் தெரியவில்லை. அது வழமையான தொழிலாகவே இருந்தது.

அக்கால ஒலிப்பதிவு எத்தகையது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். பல்லவி, சரணம், இடையிசை எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே அறையில் ஒலிவாங்கியைச் சூழ நின்று, ஒரே மூச்சில் பாடி முடிக்கவேண்டும். காந்த ஒலிநாடா வருவதற்கு முன், தவறிய இடத்தை மட்டும் வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. ஒருவர் பிசகினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பேக்கின் பாடல்களில் நாம் கேட்கும் உரத்த, திறந்த, தயக்கமற்ற உச்சரிப்பு அந்தப் பயிற்சியில் விளைந்தது என்றே நான் கருதுகிறேன். மேல் ஸ்தாயியில் அவர் நீட்டும் இடங்களில் கவ்வாலியின் சாயலும், சில வேளைகளில் பாங்கொலியின் ஏற்ற இறக்கமும் எனக்குக் கேட்கின்றன. புத்தருக்கான பாடலில் அது இடறவில்லை. பக்தியின் குரல் எல்லா மதத்துக்கும் பொது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1947இல் சிங்களப் பேசும்படம் பிறந்தபோது அதன் தொட்டில் தமிழ்நாட்டில்தான் இருந்தது. முதற்படமான ‘கடவுணு பொரொந்துவ’வை எஸ். எம். நாயகம் மதுரைச் சித்ரகலா மூவிடோனில் தயாரித்தார். அதில் கதாநாயகியாகிப் பாடியும் புகழ்பெற்றவர் ருக்மணி தேவி. இரண்டாவது படமான ‘அசோகமாலா’ கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்ரூடியோவில் உருவாயிற்று. இசை கௌஸ் மாஸ்டர். பேக் பின்னணிப் பாடகராக அறிமுகமானதும் அதிலேயே. அந்த வாத்தியக் குழுவில் வயலின் வாசித்த இளைஞர் அல்பேட் பெரேரா. பின்னாளில் டபிள்யூ. டி. அமரதேவ என்ற பெயரில் சிங்கள இசையின் சிகரமானவர் அவரே. குலத்தால் தாழ்ந்தவளெனக் கருதப்பட்ட பெண்ணுக்காக அரசுரிமையைத் துறந்த இளவரசன் சாலியனின் கதையை, இத்தனை இனத்தவரும் கூடி இசைத்திருக்கிறார்கள்.

இதற்கு மறுப்பும் எழாமலில்லை. இந்தி மெட்டுகளை அப்படியே எடுத்துச் சிங்களச் சொற்களை இட்டு நிரப்பும் வழக்கம் 1950களில் பெருகிற்று. பேக்கும் அத்தகைய பாடல்கள் பலவற்றைப் பாடினார். சாந்திநிகேதனிலும் லக்னோவிலும் பயின்று திரும்பிய சுனில் சாந்த இதை எதிர்த்தார். குமாரதுங்க முனிதாசவின் எழுத்துகளைப் படித்து, சொல்லிலும் மெட்டிலும் தூய சிங்களம் வேண்டும் என்ற கொள்கைக்கு வந்தவர் அவர். 1952இல் இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம்பிரிக்க இந்தியாவிலிருந்து பேராசிரியர் ரத்னஜங்கர் அழைக்கப்பட்டபோது, அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்து வானொலி வாய்ப்பை இழந்தார். 1956இல் வெளியான ‘ரேகாவ’ படத்தின் இசையில் அவருடைய பார்வை வெளிப்பட்டது. அவரது கலை நேர்மையை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். கடன்வாங்கிய மெட்டு வேறு, கடன்வாங்கிய குரல் வேறு. மெட்டு வெளியிலிருந்து வந்தது என்பதற்காகக் குரலையும் அந்நியமென்று சொல்வது நியாயமாகாது. இசைக்குள் எழுந்த இந்த வாதம் அரசியலுக்குள் நுழைந்தபோது, அந்த வேறுபாட்டைக் காண எவரும் பொறுமை கொள்ளவில்லை.

ஆர். முத்துசாமி, எம். கே. றொக்சாமி போன்ற தமிழர்கள் தொடர்ந்து சிங்களப் படங்களுக்கு இசையமைத்தார்கள். கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவில் படங்கள் உருவாயின. 1983 ஜூலையில் அந்த ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. தமிழருக்குச் சொந்தமானது என்பதற்காக மூட்டிய தீயில் அழிந்தவை சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள். அதே கலவரத்தில் சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் கொல்லப்பட்டார். தம் பண்பாட்டைக் காப்பதாக எண்ணியவர்கள் அதன் ஒரு பகுதியைத் தாமே சாம்பலாக்கினார்கள்.

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் முறை வந்தது. திகன, தெல்தெனியாவில் தொடங்கிய முஸ்லிம் எதிர்ப்பு வன்முறை அக்குறணைச் சுற்றுவட்டம்வரை பரவிற்று. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திகனயில் எரிக்கப்பட்ட வீட்டினுள் ஓர் இளைஞர் இறந்தார். அரசு அவசரகால நிலையை அறிவித்து, முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கிற்று. சில இடங்களில் பிக்குமாரும் சிங்கள அயலவரும் முஸ்லிம்களுக்குக் காவலாக நின்றதையும் மறக்கலாகாது. இரண்டு மாதங்களுக்குள் அதே வீதிகளில் வெசாக் தோரணங்கள் எழுந்தன.

ஒரு பாட்டு கலவரத்தைத் தடுக்கும் என்று நம்பும் வயது எனக்குக் கடந்துவிட்டது. பேக்கின் குரலை நேசிப்பவர் முஸ்லிம் அயலவரை வெறுக்கவும் கூடும். இரண்டும் ஒரே மனத்தில் அருகருகே குடியிருப்பதை என் தொழில் எனக்குக் காட்டியிருக்கிறது. “பேக்கைப் பாருங்கள், அவரல்லவா நல்ல முஸ்லிம்” என்று சொல்லி மற்றவர்களைக் குறைகூறுவோரும் உண்டு. வெசாக் பாடல் பாடினால்தான் ஒருவன் இந்நாட்டுக்கு உரியவன் என்றால், பாடத் தெரியாத அக்குறணைக் கடைக்காரர் என்ன செய்வார்? உரிமை என்பது குரல்வளத்துக்குக் கொடுக்கும் பரிசன்று.

ஆகவே பேக்கை நல்லிணக்கத்தின் சின்னமாக மேடையில் நிறுத்துவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. வரலாறாக எழுதவேண்டும் என்பதே என் கோரிக்கை. சேலத்துச் சிறுவனையும், கௌஸ் மாஸ்டரையும், ராஜலட்சுமியையும், மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் சென்று பாடிய கலைஞர்களையும், எரிந்துபோன ஹெந்தளைச் சுருள்களையும் ஒரே கதையாகத் தமிழில் பதிவு செய்யவேண்டும். இசைத்தட்டுகள் இன்னும் சிலர் வீடுகளில் கிடக்கின்றன; அவற்றைச் சேர்த்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். சிங்கள இசை தனியே சிங்களரால் ஆனதன்று என்பதை அந்தத் தட்டுகளின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் அச்சிட்ட பெயர்களே சொல்லும். அவற்றைப் படித்து எழுதிவைக்கும் வேலையை, இரு மொழியும் அறிந்த அக்குறணை இளைஞர்களைவிட வேறு யார் நன்றாகச் செய்ய முடியும்?