மூன்றில் ஒரு பங்கு மூச்சு

சென்னையில் வீட்டு வாசலுக்கு அடியில் தண்ணீர் லாரிக்காரர் குழாயை விட்டு நிரப்பும் தொட்டிக்கு ‘சம்ப்’ என்று பெயர். இங்கிலாந்தின் குகைக்காரர்கள் அதே சொல்லை வேறொன்றுக்கு வைத்திருக்கிறார்கள்: கூரைவரை நீர் நிரம்பி, மேற்கொண்டு நடக்க வழியில்லாமல் போகும் குகைப்பாதைக்கு. பிரிஸ்டலில் முதுகலை படித்த காலத்தில், ஒரு சனிக்கிழமை பக்கத்து சாமர்செட்டில் உள்ள வூக்கி ஹோல் குகைக்குப் போனபோதுதான் இதைத் தெரிந்துகொண்டேன். சீட்டு வாங்கிக்கொண்டு நுழைகிற சுற்றுலாக் குகை அது. சூனியக்காரி கல்லாகச் சமைந்தாள் என்று காட்டப்படும் பாறையையும், பாலாடைக்கட்டி முதிர வைத்திருக்கும் பகுதியையும் பார்த்து முடித்தபின், ஆக்ஸ் ஆறு பாறைக்கு அடியிலிருந்து கசிந்து வரும் இடத்தில் வழிகாட்டி நின்றார். இதற்குள்ளும் ஆட்கள் போகிறார்கள், பெரும்பாலும் தனியாக, என்றார்.

அந்தத் ‘தனியாக’ என்னை விடவில்லை. நீச்சல் குளத்தில்கூடத் துணையில்லாமல் இறங்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குகையில் முதலில் மூழ்கியவர்கள் தனியாகப் போகவில்லை. 1935இல் கிரஹாம் பால்கம்ப், ஜாக் ஷெப்பர்ட், பெனிலோப்பி பவல் முதலியோர் அடங்கிய சிறு குழு, சீப் கோர்மன் நிறுவனம் இரவல் தந்த துறைமுக மூழ்காளர் உடையில் இறங்கியது. உலோகத் தலைக்கூடு, ஈயம் வைத்த காலணி, முதுகுக்குப் பின்னால் நீண்டு செல்லும் காற்றுக்குழாய். கரையில் நின்றவர்கள் கைப்பம்பை நிறுத்தாமல் இயக்கினால்தான் உள்ளே இருப்பவருக்கு மூச்சு. இப்படி ஆற்றின் அடியில் நடந்தே ஏழாவது அறைவரை போனார்கள். குழாய் எட்டும் தூரம்தான் எல்லை. போருக்குப் பிறகு, கடற்படைத் தவளை வீரர்களின் ஆக்சிஜன் கருவிகள் கைக்கு வந்தன. 1946இல் பால்கம்ப் ‘கேவ் டைவிங் குரூப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். இப்போது குழாய் இல்லை. குழாயோடு, கரையில் நின்று மூச்சு அனுப்பிய ஆட்களும் கதையிலிருந்து விலகிவிட்டார்கள்.

தனிமை அங்கே கொள்கையாக மாறியதற்கு வீரம் காரணமல்ல, நிலவியல்தான் காரணம். பிரிட்டிஷ் சம்புகள் குளிர்ந்தவை, குறுகியவை, சேறு மண்டியவை. முன்னால் போகிறவர் கலக்கிய சேற்றில் பின்னால் வருபவருக்குத் தன் கையே தெரியாது. இடுக்கான இடத்தில் ஒருவர் சிக்கிக்கொண்டால், பின்னால் நிற்கும் நண்பர் உதவியாளர் அல்ல, புட்டியை அடைத்த தக்கை. ஆகவே எல்லாவற்றையும் இரண்டாக எடுத்துக்கொள், யாரையும் நம்பாதே என்று ஆயிற்று. விலாவின் இருபுறமும் ஒன்றோடொன்று இணைக்கப்படாத இரண்டு சிலிண்டர்கள், தனித்தனி ரெகுலேட்டர்கள், தலைக்கவசத்தில் பல விளக்குகள்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் கதை வேறு. ஃபுளோரிடாவின் சுண்ணாம்புக்கல் ஊற்றுகள் பளிங்குபோலத் தெளிந்தவை. பலவற்றில் லாரி போகும் அளவுக்கு அகலம். அந்த அழகே கொன்றது. 1960, 70களில் கடலில் மூழ்கிப் பழகியவர்கள், பயிற்சியாளர்கள் உட்பட, குகை வாயிலில் ‘சும்மா எட்டிப் பார்க்கலாம்’ என்று நுழைந்து திரும்பாமல் போனார்கள். ஷெக் எக்ஸ்லி என்ற பள்ளிக் கணித ஆசிரியர் அந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, 1979இல் சிறு கையேடாக வெளியிட்டார். அவர் கண்ட பெருங்காரணங்கள் மூன்று: வெளிவாயில்வரை அறுபடாத வழிக்கயிறு இல்லாதது, திரும்பி வரப் போதிய காற்றை மிச்சம் வைக்காதது, அளவுக்கு மீறிய ஆழம். இரண்டாவதற்கு மருந்து, உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு காற்று மட்டும் என்ற விதி.

இந்த விதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று விளங்கும். தனியாகப் போகிறவர் இரண்டு சிலிண்டரிலும் தலா மூன்று பங்கு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு செலவழித்து உள்ளே போகிறார். அந்த முனையில் ஒன்று பழுதானால், மற்றதில் இரண்டு பங்கு இருக்கிறது. வெளியே வரத் தேவை இரண்டு. சரி, இருவராகப் போகிறார்கள், ஆளுக்கு மூன்று பங்கு. ஒருவருடையது முழுதும் போய்விட்டால் மற்றவரிடம் இரண்டு பங்கு. இருவரும் வெளியேறத் தேவை தலா ஒன்று. அதே கணக்கு, அதே விடை. உபரி மூச்சு என் விலாவில் இருக்கிறதா, உன் முதுகில் இருக்கிறதா என்பது மட்டும்தான் வேறுபாடு. மென்பொருள் தொழிலில் நாங்கள் மாற்று சர்வரை எந்தக் கட்டடத்தில் வைப்பது என்று மணிக்கணக்கில் சண்டை போடுவதும் இதற்காகத்தான். ஆனால் சர்வர் பதறாது. பதறிய மனிதன் இரு மடங்கு மூச்சு வாங்குவான், அப்போது இந்த விடை தப்பாகிவிடும். தனியாளுக்கும் அப்படித்தான்.

குழுக் கட்சியின் கருவி, ஏழடி நீளக் குழாய். வகுல்லா ஊற்றைச் சார்ந்த நீண்ட குகைகளை அளந்த ஃபுளோரிடா குழுவினர் 1990களில் இதையே வேதமாக்கினார்கள். காற்றிழந்தவன் உன் வாயில் இருக்கும் ரெகுலேட்டரைத்தான் பிடுங்குவான், ஏனென்றால் அது வேலை செய்கிறது என்பது அவன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே கொடுக்க வேண்டியது அதையே. நீ உன் கழுத்தில் மாலைபோலத் தொங்கும் மற்றொன்றை வாயில் வைத்துக்கொள். இடுக்கில் முன்னும் பின்னுமாக நீந்த ஏழடி வேண்டும். எல்லோருடைய உடம்பிலும் எல்லாப் பொருளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், இருட்டில் என் கை உன் வால்வைத் தேடக் கூடாது. தம் முறையை ஏற்காதவர்களை அவர்கள் ஏளனப் பெயர் சூட்டி ஒதுக்கியதை என்னால் ரசிக்க முடியவில்லை. ஆனால் அந்தக் குழாயின் பின்னால் இருக்கும் மனித அறிவுக்கு முன் வாய் பேச முடியாது.

விதி எழுதிய எக்ஸ்லி என்ன ஆனார்? 1994 ஏப்ரல் 6 அன்று மெக்சிகோவின் சகட்டோன் கிணற்றில், ஆயிரம் அடி ஆழத்தைத் தாண்டும் முயற்சியில் இறங்கினார். அவரும் ஜிம் போடனும் ஒரே நேரத்தில், ஒரே நீரில், வேறு வேறு கயிறுகளில் இறங்கினார்கள். அந்த ஆழத்தில் ஒருவரால் மற்றவருக்கு எதுவும் செய்ய இயலாது என்பது இருவருக்கும் தெரியும். சுமார் 280 மீட்டரில், நினைத்ததைவிட வேகமாகக் காற்று தீர்வதைக் கண்டு போடன் திரும்பினார். எக்ஸ்லி மேலே வரவில்லை. சில நாள் கழித்துக் கயிற்றை இழுத்தபோது, அது சுற்றிய நிலையில் உடல் வந்தது. ஆழமானி ஏறக்குறைய 275 மீட்டரைக் காட்டியது. அவருக்கு வயது 45. மேலே துணைக் குழு காத்திருந்தது.

2018 தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் இந்த இரு மரபுகளும் ஒரே சேற்றில் சந்தித்தன. ஜூலை 2 அன்று பதின்மூன்று பேரையும் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வொலான்தன் என்ற பிரிட்டிஷ்காரர்கள். முன்னவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், பின்னவர் என்னைப் போல ஐ.டி. ஆலோசகர். இருவரும் சம்புகளில் தனியாகத் தவழ்ந்து வளர்ந்தவர்கள். நான்கு நாள் கழித்து, குகைக்குள் காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குணன் நினைவிழந்து இறந்தார். அவருடன் துணை மூழ்காளர் ஒருவர் இருந்தார், அவராலும் காப்பாற்ற முடியவில்லை.

ஜூலை 8 முதல் 10 வரை, மயக்க மருந்து கொடுக்கப்பட்டு முகமூடி பூட்டப்பட்ட சிறுவர்களை ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் நான்கு பிரிட்டிஷ் மூழ்காளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். நீருக்குள் அவரவர் தனி. வழியில் வறண்ட அறைகளில் வேறு நாட்டவர்கள் காத்திருந்தார்கள், சிலிண்டர் மாற்ற, சிறுவனைத் தூக்க, மருந்தளவு பார்க்க. கடைசி நாளில் கிறிஸ் ஜுவல், ஒரு கையில் சிறுவனைப் பிடித்திருந்த நிலையில், கண் தெரியாத நீரில் வழிக்கயிற்றை நழுவவிட்டார். துழாவிய கையில் ஒரு மின்கம்பி அகப்பட்டது. அதைப் பற்றிக்கொண்டே போனவர், தாம் புறப்பட்ட அறைக்கே திரும்பி வந்துவிட்டிருந்தார். எந்தப் பக்கம் வழி என்று தெரியாமல், சிறுவனின் மூச்சைக் கவனித்துக்கொண்டு அங்கே காத்திருந்தார். கடைசியாக வெளியேறிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் வந்து சேர்ந்தார். சிறுவனை அவர் வாங்கிக்கொண்டு முன்னே நீந்த, ஜுவல் பின்னால் போனார்.