மழைக்கு முன்னே: பிரிக்பீல்ட்ஸும் கிள்ளான் ஆறும்



பனிப்புயலை நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில்தான் கண்டிருக்கின்றனர். நமக்கு வாய்த்த ஆண்டிறுதிப் புயல் மழையாகவே வருகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று அதனைக் கொணர்கிறது. அது கிளந்தான், திரங்கானு மக்களின் கவலை என்றே தலைநகர்வாசிகள் பலரும் எண்ணி வாழ்கின்றோம். பிரிக்பீல்ட்ஸின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

இப்பகுதியின் பெயரிலேயே ஒரு வெள்ளம் ஒளிந்திருக்கிறது. 1881 ஜனவரியில் கோலாலம்பூரைத் தீ அழித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே பெருவெள்ளமும் வந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இரண்டிற்கும் தாங்கவில்லை. 1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்பப் பணித்தார். அதற்கான கல்லை அறுத்துச் சுட்ட சூளைகள் இங்குதான் இருந்தன. கப்பித்தான் யாப் ஆ லோயின் பெயர் அச்சூளைகளோடு இணைத்துப் பேசப்படுகிறது. சூளைக்கு ஏற்ற களிமண் ஆற்றோரத்தில் கிடைக்கிறதென்றால், அந்நிலத்திற்கு ஆறு அடிக்கடி வந்து போயிருக்கிறது என்பதே பொருள்!

1926 டிசம்பரில் அந்த ஆறு மீண்டும் வந்தது. தீபகற்பத்தையே மூழ்கடித்த அவ்வெள்ளம் கோலாலம்பூரையும் விடவில்லை. அதன்பின் கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்கும் இடத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை ஆற்றை நேராக்கினர். 1932-இல் அப்பணி முடிந்தது. இன்று கரைகளுக்கிடையே ஒழுங்காக ஓடும் அந்த நீர்த்தடம் மனிதர் வகுத்தது, இயற்கை ஈந்ததன்று.

1971 ஜனவரித் தொடக்கத்தில் நாள்கணக்கில் கொட்டிய மழையால் தலைநகரில் 32 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1,80,000 பேர் பாதிக்கப்பட்டனர். ஜனவரி 5-ஆம் நாள் பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடரை அறிவித்தார். வெள்ளத் தடுப்புத் திட்டங்கள் அதன் பிறகே வேகம் பெற்றன. 1987-இல் பத்து அணைக்கட்டும், 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கமும் வந்தன. சாலையாகவும் வடிகாலாகவும் பயன்படும் அச்சுரங்கத்தைப் பற்றி நம் மாணவர்கள் வியந்து பேசுவர். வியப்பிற்குரியதுதான். ஆயினும் அது நகர மையத்தைக் காக்கவென்றே அமைந்தது.

2021 டிசம்பரில் இதனைக் கண்கூடாகக் கண்டோம். கீழைக்கரையில் கரையேறிய வெப்பமண்டலத் தாழ்வழுத்தம் மேற்கே நகர்ந்து, 17, 18-ஆம் நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓயாமல் பெய்தது. ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் மீட்புப் படகுக்குக் காத்திருந்தனர். நாடெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நம்மை ஏமாற்றுவது நம் அனுபவமே என்பது என் கருத்து. மாலை இடிமழையில் திடீரென ஏறி, இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும் வெள்ளமே நமக்குப் பழக்கம். 1926, 1971, 2021 ஆகிய மூன்றும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. இரவும் பகலும் விடாது பெய்யும் பருவமழையில், "வடிந்துவிடும்" என்று காத்திருப்பவர் வெளியேறும் வழியை இழக்கிறார்.

ஆகவே நவம்பர் பிறக்கும் முன்னரே பிறப்புச் சான்றிதழ், மருந்து, கைவிளக்கு ஆகியவற்றை நீர்புகாப் பையொன்றில் கட்டிவைத்தல் நலம். தனித்து வாழும் முதியோரை யார் அழைத்துச் செல்வது என்பதை அண்டை வீட்டார் இப்போதே பேசி முடிவு செய்யலாம். பள்ளிகளில் மாணவர் கோப்புகளும் நூலகத் தமிழ் நூல்களும் கீழ்த்தளத்தின் அடித்தட்டில் கிடத்தல் கூடாது. நனைந்த தமிழ் நூலை மீண்டும் வாங்குவது எத்துணை அரிது என்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள்.

வானிலை ஆய்வுத் துறை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிநிலைகளில் தொடர்மழை எச்சரிக்கை விடுக்கிறது. வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆறுகளின் நீர்மட்டத்தை இணையத்தில் காட்டுகிறது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் கிள்ளான் ஆற்றின் அளவை ஒரு வாரம் குறித்து, கணிதப் பாடத்தில் பட்டைக் குறிவரைவாக வரையலாம். அபாய அளவைச் சிவப்புக் கோடாகப் போடச் சொல்லுங்கள்.