இணையவழி விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு எப்போது கட்டாயம்? சிறு வணிகர்கள் அறிய வேண்டியவை

புதுடெல்லி: இணையதளம் மூலமாகவோ, அஞ்சல் வழி ஆர்டர் பெற்றோ பொருட்களை விற்போருக்குத் தனி வரிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டமே அவர்களுக்கும் பொருந்தும். எனினும், கடை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் சலுகைகள் அனைத்தும் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பொருட்களை மட்டும் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சத்தைத் தாண்டாதவரை, பெரும்பாலான மாநிலங்களில் அவர் ஜிஎஸ்டி பதிவு பெறத் தேவையில்லை. தெலங்கானா, புதுச்சேரி உள்ளிட்ட சிலவற்றில் இந்த வரம்பு ரூ.20 லட்சம். ஆனால் மின்வணிகத் தளம் வழியாக ஒரேயொரு பொருளை விற்றாலும் பதிவு கட்டாயம் என்ற நிலையே முதல் 6 ஆண்டுகள் நீடித்தது. வீட்டிலிருந்து தொழில் செய்வோருக்கு இது பெரும் சுமையாக இருந்தது.

கடந்த 2023 அக்டோபர் 1 முதல் இந்த விதி தளர்த்தப்பட்டது. வரம்புக்கு உட்பட்ட சிறு வணிகர்கள், பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி இணையதளத்தில் சேர்க்கை எண் பெற்றுக்கொண்டு, பதிவு இன்றியே தளங்களில் விற்கலாம். ஆனால் அந்த விற்பனை சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே நடைபெற வேண்டும்.

பலர் தவறுவது இந்த நிபந்தனையில்தான். உதாரணமாக, இந்தூரில் வீட்டில் தயாரித்த காரவகைகளை போபாலுக்கு அனுப்பும் ஒருவருக்குப் பதிவு வேண்டாம். அதே பொட்டலம் மகாராஷ்டிராவின் நாக்பூருக்குச் சென்றால், அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பதிவு கட்டாயமாகிறது. தளத்தைத் தவிர்த்து, சொந்த இணையதளம் அல்லது வாட்ஸ்அப் மூலம் ஆர்டர் பெற்றாலும் இதே விதிதான். குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. பதிவு பெற வேண்டியவர் பெறாவிட்டால், ரூ.10,000 அல்லது ஏய்க்கப்பட்ட வரித் தொகை, இவற்றில் எது அதிகமோ அது அபராதமாக விதிக்கப்படலாம்.

வெளிமாநில விற்பனைக்கு ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி விதிக்கப்படும். மாநிலத்துக்குரிய பங்கு, பொருள் சென்று சேரும் மாநிலத்துக்கே கிடைக்கும். எனவே விலைச்சீட்டில் வாங்குபவரின் மாநிலத்தைச் சரியாகக் குறிப்பிடுவது அவசியம்.

பதிவு பெற்று தளங்களில் விற்போரின் தொகையில் ஒரு பகுதியை, தளத்தை நடத்தும் நிறுவனம் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்தும். திரும்பி வந்த பொருட்களின் மதிப்பைக் கழித்த பிறகு எஞ்சும் வரிக்குரிய விற்பனை மீது இது கணக்கிடப்படுகிறது. முதலில் 1 சதவீதமாக இருந்த இந்தப் பிடித்தம், 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதாவது ரூ.1 லட்சத்துக்கு ரூ.500.

இது கூடுதல் வரி அல்ல. மறுமாதம் 10-ஆம் தேதிக்குள் தளம் கணக்கு தாக்கல் செய்ததும், வணிகர் அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் ஏற்க வேண்டும். அதன் பிறகே தொகை அவரது மின்னணு ரொக்கப் பேரேட்டில் சேரும். அதைக் கொண்டு வரி செலுத்தலாம். இதைக் கவனிக்காதவர்களின் பணம் அப்படியே முடங்கிக் கிடக்கும்.