காவிரிப் படுகையின் தேர்ச் சிற்பங்கள்

கோயில் தேரின் மரப் பீடத்தைச் சுற்றி அடுக்கடுக்காகப் பொருத்தப்படும் புடைப்புச் சிற்பங்களே தேர்ச் சிற்பங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் வட்டாரத் தேர்களில் இராமாயண, மகாபாரதக் காட்சிகளும் சிவபுராணக் கதைகளும் இவற்றில் இடம்பெறுகின்றன.

இதிகாசத்தைச் சிறு சிற்பங்களில் சொல்லும் வழக்கம் இங்கே கல்லில் வேரூன்றியது. புள்ளமங்கை பிரம்மபுரீசுவரர் கோயில், கும்பகோணம் நாகேசுவரர் கோயில் ஆகிய முற்காலச் சோழர் கோயில்களின் அடித்தளத்தில் இராமகாதை மிகச் சிறிய கற்சிற்பங்களாக ஓடுகிறது. மரத்துக்கு அந்த ஆயுள் இல்லை. இன்று எஞ்சியிருக்கும் பழைய தேர்ச் சிற்பங்களில் பெரும்பாலானவை நாயக்கர், மராத்தியர் காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை. அந்த நாயக்கர்களுள் ஒருவரான தஞ்சை இரகுநாத நாயக்கர் தெலுங்கில் தாமே இராமாயணம் இயற்றியவர். கும்பகோணம் இராமசாமி கோயில் அவர் காலத்தில் எழுந்தது.

சிற்பங்களுக்கு இலுப்பை பெயர்பெற்ற மரம். கெட்டியானது, வெயிலையும் மழையையும் தாங்கும். உளியும் கொட்டாப்புளியும் கொண்டு ஆசாரிகள் உருவங்களை ஆழமாகக் குடைந்தெடுப்பார்கள். தெருவில் நிற்பவர் அண்ணாந்து பார்க்கும்போது, தேர் அசைந்து நகரும் வேளையிலும், வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரள்வது தெரிய வேண்டும். மெல்லிய கோடுகள் அங்கே எடுபடாது.

திருவாரூர் ஆழித்தேர் இவற்றில் தலையாயது. அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. 1926இல் பழைய தேர் தீக்கிரையானது. புதிதாகச் செய்த தேர் 1930இல் ஓடியது. பின்னர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றுவிட்டு, 1970இல் மீண்டும் வீதிக்கு வந்தது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்தது.

பாலித் தீவிலும் இதே இதிகாசங்கள் மரத்தில் செதுக்கப்பட்டன. ஆனால் 1936இல் அத்தீவின் உபுத் ஊரில் தொடங்கிய பீட்டா மகா கலைஞர் சங்கத்தின் காலத்தில், அங்கே சிற்பி தனிக் கலைஞராகப் பெயர் பெறவும் படைப்பை வெளியூர்களில் விற்கவும் வழி பிறந்தது. காவிரிக் கரையில் சிற்பம் தேரோடுதான் வாழ்ந்தது. செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் தெரியாது.

கலை ஓய்ந்துவிடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் புதிய தேர் செய்யப்பட்டு, ஏறத்தாழ நூறாண்டு இடைவெளிக்குப் பின் 2015இல் ஓடியது. தேர் வேலைக்குப் பேர்போன பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020இல் புவிசார் குறியீடு பெற்றன.

ஆபத்து பழைய சிற்பப் பலகைகளுக்குத்தான். தேரைப் புதுப்பிக்கையில் கழற்றப்படும் சிற்பம் கவனிப்பாரின்றிக் கிடந்தால் கரையான் அரிக்கும், அல்லது கலைப்பொருள் சந்தைக்குப் போய்விடும். நூறாண்டு கடந்த சிற்பங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. உள்ளூர் அலட்சியத்தை அது தடுக்காது. எந்தத் தேர், எந்த அடுக்கு, எந்தப் பக்கம் என்று குறித்து, படமெடுத்த பிறகே ஒவ்வொரு பலகையையும் கழற்ற வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், அசோகவனத்துச் சீதைக்கு முன்னும் பின்னும் எந்தக் காட்சி இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.