கோணமலைக் கற்கள் கூறும் வரலாறு

மலையுச்சிகளில் எழுந்த பழங்கோயில்கள் பல, அந்நியர் ஆட்சியில் அழிந்துபோயின. மெக்சிக்கோ நாட்டின் இசமால் நகரில் மாயா மக்களின் மேட்டுக் கோயிலை இடித்த ஸ்பானியர், அதன் கற்களைக் கொண்டே 16ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி மடத்தைக் கட்டினர். அடுத்த நூற்றாண்டில் நமது திருக்கோணமலையிலும் இதுவே நிகழ்ந்தது.

திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம் கோணேசுவரம். கடலுள் நீண்ட சுவாமிமலையின் உச்சியிலும் இடையிலும் அடிவாரத்திலுமாக மூன்று கோயில்கள் அங்கே இருந்தன. 1624ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா அவற்றைத் தகர்த்து, அக்கற்களால் கோட்டை அமைத்தான். பின்னர் ஒல்லாந்தரிடமும் பிரித்தானியரிடமும் சென்ற அக்கோட்டையே இன்று பிரெடரிக் கோட்டை எனப்படுகின்றது. அதன் வாயிலில் இரு கயல்களும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் காணப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கோணமலையில் தம் கயற்சின்னத்தைப் பொறித்த செய்தியைத் தமிழகத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டும் கூறுகின்றது.

கோயில் அழிந்தபோதும் அதன் சான்றுகள் முற்றாக அழியவில்லை. 1950இல் நிலத்தைத் தோண்டியபோது, புதைக்கப்பட்டிருந்த வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கப்பட்ட தூண்களையும் கற்களையும் கண்டனர். இவ்விருவரும் அதற்குச் சற்று முன்னரே அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் மூழ்கி ஆராய்ந்தவர்கள் என்பது இங்கு வாழும் நமக்குச் சுவையான செய்தியாகும். மக்களின் முயற்சியால் எழுந்த புதிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடைபெற்றது.

குளக்கோட்டன் திருப்பணியும் இராவணன் வெட்டும் நம் முன்னோர் போற்றிய ஐதிகங்கள். அவற்றைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுவோம். ஆயினும் ஐதிகம் வேறு, வரலாற்றுச் சான்று வேறு என்பதையும் சேர்த்தே சொல்லுவோம். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் கற்கும் நம் பிள்ளைகளை நோக்கி, "உங்கள் வரலாற்றுக்கு ஆதாரம் என்ன?" என்று ஆசிரியரோ சக மாணவரோ வினவக்கூடும். கல்வெட்டையும் திருவுருவத்தையும் கடலடித் தூணையும் காட்டி விடையளிக்கும் பிள்ளை தலைகுனிய நேராது. கதையை மாத்திரம் அறிந்த பிள்ளையோ அடுத்த வினாவிலே தடுமாறும்.

விடுமுறையில் திருக்கோணமலை செல்லும் குடும்பங்கள் உச்சிக் கோயிலைத் தரிசித்தவுடன் திரும்பிவிடல் ஆகாது. கோயிலுக்குச் செல்லும் பாதை கோட்டை வாயிலினூடாகவே போகின்றது. அவ்விடத்திற் சற்று நின்று, அக்கயல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.